டேவிட் காசிடி: 20 வயதில் உச்சம், அதற்கப்புறம் 47 வருடம் என்ன நடந்தது?

#1 கேசட்காலம்

டேவிட் காசிடி என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருப்பீர்களோ தெரியாது. நான் வேறு எதையோ தேடப் போய் 'ஐ திங்க் ஐ லவ் யூ' பாட்டில் விழுந்தேன். இரண்டு வாரமாக வெளியே வர முடியவில்லை. இப்போது பாட்டைவிடப் பாடியவரின் கதைதான் தூங்கவிடாமல் படுத்துகிறது. அதனால் இந்த இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஜாக் காசிடி, அம்மா ஈவ்லின் வார்ட், இரண்டு பேருமே நாடக மேடைக்காரர்கள். பையன் சின்ன வயதாக இருக்கும்போதே பிரிந்துவிட்டார்கள். அதை வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தெருவில் கூட விளையாடிய பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்ததாம். அப்பா அப்புறம் ஷர்லி ஜோன்ஸை மணந்தார். 'எல்மர் கான்ட்ரி' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய அதே ஷர்லி ஜோன்ஸ்தான்.

1969இல் டேவிட் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ஓர் இசை நாடகத்தில் நடித்தார். அது நாலே காட்சியில் மூட்டை கட்டியது. ஆனால் அதில் அவரைப் பார்த்த ஒருவர் மூலமாக லாஸ் ஏஞ்சலஸ் போய், தொலைக்காட்சித் தொடர்களில் துண்டு துண்டாக நடிக்க ஆரம்பித்தார். 1970 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி' தொடர் தொடங்கியது. ஒரு விதவைத் தாய், ஐந்து பிள்ளைகள், எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு, ஊர் ஊராகப் போக ஒரு பழைய ஸ்கூல் பஸ். அம்மாவாக ஷர்லி ஜோன்ஸ், மூத்த பையன் கீத் ஆக டேவிட். திரையில் அம்மா, வீட்டில் சித்தி.

அதே வருடம் நவம்பரில் 'ஐ திங்க் ஐ லவ் யூ' அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலான பில்போர்டில் முதலிடம். மூன்று வாரம் அங்கேயே இருந்தது. பையனுக்கு வயது 20. 1974இல் தொடரும் முடிந்தது, ரசிகர்களின் பைத்தியமும் தணிந்தது. 2017இல் இறந்தார்.

என் கேள்வி இதுதான். இவர் நிஜமாகவே ஒரு பாடகரா, இல்லை ஒரு கம்பெனி செய்து விற்ற பொம்மையா? பொம்மை என்றால் அந்தக் குரல் ஏன் இன்னும் நிற்கிறது?

#2 ரசம்சாதம்

பொம்மைதான். இதில் என்ன சந்தேகம்?

தயாரித்தது ஸ்க்ரீன் ஜெம்ஸ். இதே கம்பெனி நாலு வருடம் முன்னால் 'மங்கீஸ்' என்று நாலு பையன்களை ஆள் எடுத்துக் குழு கட்டி டிவியில் காட்டியது. அந்தப் பையன்கள் பிறகு, நாங்களே வாசிப்போம் என்று கொடி பிடித்தார்கள். இந்த முறை குடும்பம் என்றால் தொல்லை இருக்காது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கௌசில்ஸ் என்ற நிஜக் குடும்பக் குழுவைப் பார்த்துச் செய்த நகல் இது. அவர்களையே நடிக்கக் கேட்டு, ஆனால் அம்மாவை மட்டும் மாற்றி ஷர்லி ஜோன்ஸைப் போடுகிறோம் என்றார்களாம். அவர்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ரெக்கார்டில் வாசித்தது ஹால் பிளெய்ன், ஜோ ஆஸ்போர்ன், லாரி நெக்டல். அதாவது லாஸ் ஏஞ்சலஸில் பாதி ஹிட் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோ ஆட்கள். கோரஸ் ரான் ஹிக்லின், பாலர் சகோதரர்கள், ஜாக்கி வார்ட். திரையில் டிரம்ஸ் தட்டிய பொடியனுக்கும் ரெக்கார்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் வெறுமனே வாயசைத்தார்கள்.

#3 சுருதிப்பெட்டி

ரசம்சாதம், நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரி, முடிவுதான் தப்பு. அந்த ஐந்தாவது பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

முதலில் திட்டம் என்னவென்றால் டேவிட்டும் வாயசைப்பதுதான். முதல் ஆல்பத்தில் இரண்டு பாட்டு அப்படியே இருக்கிறது, ஸ்டூடியோ பாடகர்கள் மட்டுமே பாடியவை. கேட்டுப் பாருங்கள், குரல்கள் சுத்தம், சுருதி சுத்தம், ஆனால் விளம்பரப் பாட்டு மாதிரி இருக்கும். எனக்கும் பாட வரும் என்று பையன் சொல்ல, தயாரிப்பாளர் வெஸ் ஃபாரெல் பாட வைத்துக் கேட்டார். அதன் பிறகு முன்குரல் எல்லாம் டேவிட்தான். நடிகர்களில் ரெக்கார்டில் உண்மையாகப் பாடியவர்கள் அவரும் ஷர்லி ஜோன்ஸும் மட்டும்.

'ஐ திங்க் ஐ லவ் யூ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் டோனி ரோமியோ. தலைப்பைப் பார்த்தால் காதல் பாட்டு, கேட்டால் பயப் பாட்டு. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுகிற ஒருவன், தனக்கு என்ன ஆகிறது என்று புரியாமல் புலம்புகிறான். சரணம் முழுக்க சோகம் தொனிக்கும் மைனர் ஸ்கேலில் இருண்டு கிடக்கும். கோரஸில் திறக்கும். நடுவில் பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகார்ட் வாத்தியம் வேறு. டேவிட் அதை எப்படிப் பாடுகிறார் என்று கவனியுங்கள். சரணத்தில் காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி மூச்சு கலந்த குரல், கோரஸில் நெஞ்சைத் திறந்த குரல். அந்த மாற்றத்தை ஸ்டூடியோக்காரர் யாரும் அவருக்குப் பதிலாகச் செய்ய முடியாது.

இன்னொன்று. ஆரம்ப ரெக்கார்டுகளில் டேப்பை லேசாக வேகம் கூட்டி ஓட்டியிருக்கிறார்கள், குரல் இன்னும் சின்னப் பையன் குரலாகக் கேட்க வேண்டும் என்று. அதாவது நீங்கள் பொம்மை என்று சொல்கிற குரல்கூட அவருடைய முழுக் குரல் இல்லை. பின்னால் வந்த தனி ரெக்கார்டுகளைக் கேட்டால் குரல் இன்னும் கனமாக இருக்கும்.

#4 ரசம்சாதம்

டேப்பை வேகம் கூட்டியதை அவருக்கு ஆதரவாகச் சொல்கிறீர்களா எதிராகவா? எனக்குக் குழப்பம்.

#5 சுருதிப்பெட்டி

அவருக்கு ஆதரவாக, தயாரிப்பாளருக்கு எதிராக.

'டஸன்ட் சம்படி வான்ட் டு பி வான்டட்' என்ற பாட்டில் நடுவே வசனம் மாதிரி ஒரு பகுதி வரும். எனக்குத் தனிமையாக இருக்கிறது, யாராவது வேண்டும் என்கிற ரகம். டேவிட் அதைப் பேசவே மாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறார். மேலிடத்து நெருக்கடியில் கடைசியில் பேசினார். பாட்டு ஆறாவது இடம் வரை போனது. வானொலியில் அது வந்தால் வெட்கமாக இருக்கும் என்று பிற்காலத்தில் எழுதினார். ஹெண்ட்ரிக்ஸ், பி.பி. கிங் மாதிரி கிதார் மேதைகளைக் கேட்டு வளர்ந்த பையன் அப்படி வசனம் பேச வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

#6 நிலா_டொரன்டோ

இங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒன்று விட்டுப்போகிறது.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கனடியப் பெண்மணி, இப்போது அறுபது தாண்டியவர், அந்தக் காலத்தில் டேவிட் பைத்தியம். 'டைகர் பீட்' பத்திரிகையிலிருந்து படம் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாராம். வெளிப்பக்கம் ஒட்டினால் அண்ணன்மார் கிண்டல் செய்வார்கள் என்று. அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. "பதினொரு வயதில் பயமில்லாமல் ஆசைப்பட ஒரு ஆண் வேண்டுமில்லையா? அவன் திரையை விட்டு இறங்கி வர மாட்டான். அதுதான் நிம்மதி."

11 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு பிடித்தால் அது மட்டம் என்று எப்படியோ எல்லாரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அதே வயதுப் பையன்களுக்கு கிதார் உறுமல் பிடித்தால் அது வரலாறு ஆகிவிடுகிறது. பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி சிறந்த புது வரவுக்கான கிராமி இசை விருதுக்குப் பரிந்துரை ஆனது. அந்த வருடப் பட்டியலில் எல்டன் ஜானும் இருந்தார். வென்றது கார்பென்டர்ஸ் குழு. அந்தப் பட்டியலில் இவர்கள் இருந்ததை இன்றைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

#7 கேசட்காலம்

நிலா அக்கா, இது நான் யோசிக்காத பக்கம். அலமாரிக் கதவின் உள்பக்கம்... அருமை.

ரசம்சாதம் சொன்ன வாயசைப்பு பற்றி ஒன்று மட்டும். நமக்குப் பின்னணிப் பாடல் பழகிப்போன விஷயம், திரையில் ஒருவர் வாய், ரெக்கார்டில் வேறொருவர் குரல் என்றால் நாம் கண்ணைச் சிமிட்டக்கூட மாட்டோம். அதனால் எனக்கு அது குற்றமாகவே படவில்லை. அவர்கள் ஊரில்தான் அது மோசடி மாதிரி பேசப்படுகிறது. சரி, விடுங்கள்.

பணம் எவ்வளவு வந்தது என்று யாருக்காவது தெரியுமா?

#8 கணக்குப்புலி

பணமா? என்னை இழுத்துவிட்டீர்கள்.

தொடக்கத்தில் வாரச் சம்பளம் 600 டாலர். அன்றைக்கு அது மோசமான தொகை இல்லை. ஆனால் பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். அவர் முகம் போட்ட சாப்பாட்டு டப்பா, காமிக்ஸ் புத்தகம், சட்டை, தலையணை உறை, ரசிகர் மன்றச் சந்தா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அவருடைய பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்குப் போய்விட்டது.

இங்கேதான் ரூத் ஏரன்ஸ் என்ற அம்மையார் வருகிறார். ஜாக்குக்கும் ஷர்லிக்கும் மேலாளராக இருந்தவர், டேவிட்டுக்கும் அவரே. (இந்த அம்மையார் 1936இல் டேபிள் டென்னிஸ் உலக சாம்பியன். நான் பொய் சொல்லவில்லை, தேடிப் பாருங்கள்.) அவர் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. கையெழுத்துப் போட்ட அன்று டேவிட்டுக்கு 21 வயது ஆகவில்லை. அன்றைய கணக்கில் மைனர். மைனர் போட்ட கையெழுத்து செல்லாது. உலக சாம்பியன் பந்தைத் திருப்பி அடித்த அழகைப் பாருங்கள். உட்கார வைத்துப் பேசி சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தினார், வியாபாரப் பொருட்களிலும் பங்கு எழுதி வாங்கினார்.

எழுதி வாங்கியது சரி, வந்ததா? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இங்கே அச்சாகப் பொருந்தும். 2011இல் டேவிட் சோனி மீது வழக்குப் போட்டார். ஸ்க்ரீன் ஜெம்ஸின் சொத்து கைமாறிக் கைமாறிக் கடைசியில் சோனியிடம் வந்திருந்தது. தன் பெயரில் விற்ற பொருட்களுக்காக இத்தனை வருடத்தில் தனக்கு வந்தது மொத்தமே 5,000 டாலர் என்பது அவர் புகார். பல்லாயிரம் அலமாரிக் கதவுகள், 5,000 டாலர்.

#9 ரசம்சாதம்

கச்சேரியில் வந்திருக்குமே?

#10 கணக்குப்புலி

வந்தது. கச்சேரிதான் அவருக்குச் சொந்தமான ஒரே வருமானம் என்றுகூடச் சொல்லலாம். 1972 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிரம்பி வழிந்தது. அதே வருடம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் ஒரே நாளில் இரண்டு காட்சி.

ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை: வார நாள் பகலில் படப்பிடிப்பு, இரவில் ரெக்கார்டிங், சனி ஞாயிறு விமானம் ஏறி வேறு ஊரில் கச்சேரி, திங்கள் காலை மறுபடி படப்பிடிப்புக்கு மேக்கப். நாலு வருடம். 20 வயது உடம்பு என்பதால் தாங்கியது.

#11 ஈஸ்ட்ஹாம்_மணி

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். லண்டன் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லாரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள்.

அமெரிக்காவில் 1972க்குப் பிறகு அவருடைய பாட்டுகள் இறங்கிவிட்டன. பிரிட்டனில் அப்போதுதான் ஏறின. 'ஹவ் கேன் ஐ பி ஷூர்' 1972இல் இங்கே முதலிடம். 1973இல் ஒரு பக்கம் 'டேட்ரீமர்', மறுபக்கம் 'தி பப்பி சாங்' போட்ட சிங்கிள், அதுவும் முதலிடம். அந்த வருட ஆல்பமும் முதலிடம். இங்கே அவர் கீத் பார்ட்ரிட்ஜ் இல்லை, டேவிட் காசிடி. அந்த வித்தியாசம் அவருக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் 1974 மே 26. மேற்கு லண்டனில் வொயிட் சிட்டி ஸ்டேடியம். 1908 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானம். கச்சேரி நடுவில் கூட்டம் மேடையை நோக்கித் தள்ள ஆரம்பித்தது. முன்வரிசையில் நின்ற பிள்ளைகள் தடுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நசுங்கினார்கள். அறிவிப்பாளர் பின்னால் போங்கள் பின்னால் போங்கள் என்று கெஞ்சியும் நடக்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு முதலுதவி செய்ய வேண்டியிருந்தது. 14 வயதுப் பெண் ஒருத்தி மூச்சு நின்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, நாலு நாள் கழித்து மே 30 அன்று இறந்தாள். இறுதிச் சடங்குக்கு வந்தால் அங்கேயும் கூட்டம் கூடிவிடும் என்று டேவிட் போகவில்லை.

மைதானத்தை 1985இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் பிபிசி அலுவலகம் கட்டியது. நான் அந்த வழியாகப் பல முறை போயிருக்கிறேன். முதலில் எனக்கும் இந்தக் கதை தெரியாது.

#12 கேசட்காலம்

அந்தச் சாவுக்குப் பிறகுதான் மேடையை விட்டார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, மணி அண்ணா?

#13 ஈஸ்ட்ஹாம்_மணி

அப்படி எழுதினால் கதை நன்றாக இருக்கும் தம்பி, அதனால் எழுதுகிறார்கள். அந்தச் சுற்றுப்பயணமே கடைசி என்று அவர் முன்பே சொல்லியாயிற்று. தொடரும் அந்த மார்ச் மாதமே முடிந்துவிட்டது. வொயிட் சிட்டிக்கு அப்புறம் மான்செஸ்டரில் ஒரு கச்சேரி பாக்கி இருந்தது, அதையும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். ஏற்கனவே போவதற்கு எழுந்து நின்றவர் அவர். ஆனால் அந்தப் பெண்ணின் சாவு ஆயுள் முழுக்க அவரை விடவில்லை, அதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

#14 நிலா_டொரன்டோ

போவதற்கு எழுந்து நின்றதற்கு இன்னொரு அடையாளமும் இருக்கிறது. 1972 மே 11 தேதியிட்ட 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அட்டை. ஆன்னி லீபோவிட்ஸ் எடுத்த படம். புல்தரையில் சட்டை இல்லாமல், உண்மையில் எதுவுமே இல்லாமல், இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி. உள்ளே கட்டுரையில் போதைப்பொருள், கச்சேரிக்குப் பின்னால் ஓட்டல் அறை, எல்லாம். சாப்பாட்டு டப்பாவில் இருந்த முகத்தைத் தானே கிழிக்கப் பார்த்திருக்கிறார்.

கம்பெனிக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் பாருங்கள், டீன் ஐடல், அதாவது பதின்வயதுப் பிள்ளைகளின் கனவு நாயகன் என்ற பெயர் போகவும் இல்லை, ராக் பத்திரிகைக்காரர்கள் உள்ளே சேர்த்துக்கொள்ளவும் இல்லை. ரசிகைகளின் அம்மாக்களுக்குத்தான் அதிர்ச்சி.

#15 சுருதிப்பெட்டி

1975இலிருந்து மூன்று ஆல்பம் ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனிக்குச் செய்தார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

முதல் ஆல்பத்தின் பெயரே 'மேலே ஏற ஏற விழும் அடியும் பலம்' என்ற ரகம். ஒரு பாப் நட்சத்திரம் எழுந்து விழுகிற கதையைப் பாட்டு பாட்டாகச் சொல்கிறார், தன்னையே கேலி செய்துகொண்டு. பீச் பாய்ஸ் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டன் கூட இருந்து தயாரித்தார். அதில் ஜான்ஸ்டன் எழுதிய 'ஐ ரைட் தி சாங்ஸ்' இருக்கிறது. ஆமாம், பாரி மேனிலோ பாட்டு என்று எல்லாரும் நினைக்கிற அதே பாட்டு. 1975இல் டேவிட் பாடியது பிரிட்டனில் 11ஆம் இடம் வரை போனது. 1976 ஜனவரியில் மேனிலோ பாடியது அமெரிக்காவில் முதலிடம்.

டேவிட் பாடியதைக் கேட்டால் பாட்டின் பொருளே வேறாக இருக்கிறது. உலகம் முழுதும் பாடும் பாட்டுகளை எழுதுவது நானே, நானே இசை என்று பாட்டு சொல்கிறது. மேனிலோ பாடும்போது அது கம்பீரமாகக் கேட்கிறது. தன் முகம்கூடத் தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் பாடும்போது எனக்கு வேறு எதுவோ செய்கிறது.

#16 ரசம்சாதம்

சுருதிப்பெட்டி சார், நீங்கள் வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொண்டு அதைப் பாட்டுக்குள் ஊற்றுகிறீர்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் இதெல்லாம் தெரியுமா?

#17 சுருதிப்பெட்டி

நியாயமான கேள்வி. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கேட்பேன்.

#18 கணக்குப்புலி

நான் வேறு ஒன்று கேட்கிறேன். இவர் மட்டும்தானா டீன் ஐடல்? அதே காலத்தில் பாபி ஷெர்மன் இருந்தார். 1971இல் பார்ட்ரிட்ஜ் தொடரிலேயே ஒரு பகுதியில் வந்து போனார், அதை வைத்து அவருக்குத் தனித் தொடர் ஒன்றும் தொடங்கினார்கள். அவரும் சாப்பாட்டு டப்பா முகம்தான். ஆனால் அவர் மெதுவாக விலகி, அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி எடுத்து, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார். 2025இல் 81 வயதில்தான் காலமானார்.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு உதாரணம், ஜாக்குக்கும் ஷர்லிக்கும் பிறந்த தம்பி ஷான் காசிடி. அண்ணன் ஓய்ந்த மூன்றே வருடத்தில், 1977இல், 'டா டூ ரான் ரான்' பாடி பில்போர்ட் முதலிடம். டிவியில் 'ஹார்டி பாய்ஸ்' தொடர். அப்படியே அண்ணன் நடந்த பாதை. ஆனால் ஓரிரு வருடத்தில் கூட்டம் குறைந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு தொடர் எழுதவும் தயாரிக்கவும் உட்கார்ந்துவிட்டார். 'அமெரிக்கன் காதிக்' அவர் உருவாக்கியது. இன்றுவரை நல்ல பெயர்.

அப்படியென்றால் குறை தொழிலில் இல்லை, ஆளிடம் என்று ஆகிறதா?

#19 நிலா_டொரன்டோ

அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை எனக்கு. தம்பிக்கு முன்னால் அண்ணன் என்ற எச்சரிக்கைப் பலகை இருந்தது. அண்ணனுக்கு முன்னால் இருந்தது அப்பா மட்டும்.

அந்த அப்பாவையும் கொஞ்சம் பாருங்கள். ஜாக் காசிடி 1964இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கியவர், மேடையில் பெரிய ஆள். ஆனால் நாடகம் பார்க்காத கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் "டேவிட்டின் அப்பா". அது அவருக்குப் பொறுக்கவில்லை. குடி. 1976 டிசம்பரில் வீட்டில் தீப்பிடித்து இறந்தார், அணையாத சிகரெட். அப்போது அப்பாவும் பிள்ளையும் பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்தார்கள். தன் அப்பாவிடம் ஒரு "சபாஷ்டா" வாங்கத்தானே இந்தப் பையன் இந்தத் தொழிலுக்கே வந்தது?

#20 ஈஸ்ட்ஹாம்_மணி

1974க்குப் பிறகு ஒன்றுமே செய்யவில்லை என்ற மாதிரி பேச்சு போகிறது. தப்பு.

1978இல் 'போலீஸ் ஸ்டோரி' தொடரில் ஒரு கதை. பள்ளி மாணவனாக வேடம் போட்டு உள்ளே போகும் இளம் போலீஸ்காரர். அதற்கு எம்மி தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது. உடனே அதையே தனித் தொடராக்கினார்கள், பத்துப் பகுதியோடு நின்றது. எல்லாரும் அவர் பெயரைத் தலைப்பில் போட அவசரப்பட்டார்கள், கதை எழுத யாரும் அவசரப்படவில்லை.

1983இல் பிராட்வேயில் 'ஜோசஃப்' இசை நாடகம். 1985இல் 'தி லாஸ்ட் கிஸ்' பாட்டு இங்கே ஆறாம் இடம், அதில் பின்குரல் கொடுத்தவர் ஜார்ஜ் மைக்கேல். அன்று உலகமே ஜார்ஜ் மைக்கேல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, அவர் தன் சின்ன வயது நாயகனுக்குப் பின்னால் நின்று பாடினார். 1987இல் லண்டன் மேடையில் 'டைம்', கிளிஃப் ரிச்சர்ட் நடித்த வேடத்தை எடுத்துக்கொண்டார். 1990இல் 'லையிங் டு மைசெல்ஃப்' அமெரிக்காவில் 27ஆம் இடம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரியதாகப் படுவது 1993. பிராட்வேயில் 'பிளட் பிரதர்ஸ்', விற்பனை சுமாராக ஓடிக்கொண்டிருந்த நாடகம். பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட இரட்டையர் கதை, ஒருவன் ஏழை வீட்டில், ஒருவன் பணக்கார வீட்டில். ஏழைப் பையன் மிக்கியாக டேவிட், பணக்காரப் பையனாக ஷான், அம்மாவாக பெட்டுலா கிளார்க். நாடகம் பிழைத்துக்கொண்டது, 1995 வரை ஓடியது. நாற்பது தாண்டிய ஆள் முதல் பாதியில் ஏழு வயதுப் பையனாக ஓட்டைச் சுவெட்டரை இழுத்துக்கொண்டு மேடையில் குதிக்க வேண்டும், இரண்டாம் பாதியில் சிறைக்குப் போய் மாத்திரைக்கு அடிமையாகி உடைந்து வர வேண்டும். பொம்மையால் அது ஆகாது, ரசம்சாதம்.

#21 கணக்குப்புலி

அப்புறம் லாஸ் வேகஸ். 1996இல் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் 'ஈஎஃப்எக்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சி, அதன் நாயகனாக மைக்கேல் க்ராஃபோர்டுக்குப் பிறகு இவர். பணம் நன்றாக வந்த காலம். பந்தயக் குதிரை வளர்த்தார், அதில் உண்மையான ஆசை.

பிறகு சரிந்தது. 2010இலிருந்து குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள், ஒன்றுக்கு மேல். 2015இல் திவால் மனு.

#22 கேசட்காலம்

2017 பற்றி நானே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு கச்சேரி. கிட்டத்தட்ட ஐம்பது வருடமாகப் பாடும் வரிகள் மறந்தன, மேடையில் தடுமாறினார். யாரோ எடுத்த வீடியோ பரவியது, குடித்திருக்கிறார் என்று பேசினார்கள். சில நாளில் தனக்கு மறதி நோய் என்று அறிவித்தார். அம்மாவுக்கும் அது இருந்தது. எல்லாரும் பேசியதற்கு வருத்தப்பட்டார்கள். நவம்பரில் கல்லீரல் செயலிழந்து ஃபுளோரிடாவில் இறந்தார், 67 வயது. அடுத்த வருடம் ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் அவரே தொலைபேசியில் சொல்கிறார், எனக்கு மறதி நோய் இல்லை, எல்லாம் குடிதான் என்று.

அந்த அழைப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. முதல் முறையாக யாரும் எழுதிக் கொடுக்காத வசனம்.

இன்னொரு விஷயம், தேதியை ஒப்பிட்டுப் பார்த்தபோது கண்ணில் பட்டது. 'ஐ திங்க் ஐ லவ் யூ' முதலிடம் தொட்ட பில்போர்ட் பட்டியலின் தேதி 1970 நவம்பர் 21. அவர் இறந்தது 2017 நவம்பர் 21. சும்மா தற்செயல்தான், தெரியும்.

#23 நிலா_டொரன்டோ

அந்தப் பெண்மணிக்கு இந்தத் தேதி விஷயத்தை அனுப்பினேன். "தெரியும். நாங்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டோம்" என்று பதில் வந்தது. "நாங்கள்" என்றால் யார் என்று கேட்டேன். அவர்கள் ஏழெட்டுப் பேர், அந்தக் கால ரசிகைகள், இன்னும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறார்களாம்.

#24 புதுவரவு_88

முழு இழையும் படித்தேன். எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? மூன்று பாட்டு சொல்லுங்கள், அதற்கு மேல் பொறுமை இல்லை.

#25 சுருதிப்பெட்டி

'ஐ திங்க் ஐ லவ் யூ', ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஹார்ப்சிகார்டுக்காக. 'ஹவ் கேன் ஐ பி ஷூர்', அவருக்கு முன்னால் யங் ராஸ்கல்ஸ் பாடியதையும் சேர்த்துக் கேளுங்கள், எங்கே மெதுவாக்குகிறார் என்று தெரியும். மூன்றாவது 'ஐ ரைட் தி சாங்ஸ்'.

#26 ரசம்சாதம்

மூன்றையும் நானும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். இரண்டாவது பாட்டு நன்றாகவே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதற்கு மேனிலோவே பரவாயில்லை.